டிபனா சாப்பாடா

என் கணவர் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். நான் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வேலை பார்த்த சர்க்கரை ஆலைக்கு அந்த நாட்டிலிருந்து ஒரு புது இயந்திரம் கப்பலில் வந்து இறங்கியது. அதை எப்படி ஓட்டுவது என்று கற்றுக்கொண்டு வர இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவர் கற்றுக்கொண்டு வந்தார். இன்னொருவர் என் கணவர். அறுபதுகளின் நடுவில், நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தபோது நடந்தது இது.

போகும்போது எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர், வரும்போது ஒரு கம்பளிக் கோட்டோடு வந்தார். முன்கூடத்தில் ஆணி அடித்து அதை மாட்டினார். சித்திரை மாதத்தில் அது தொங்குவதைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கோட்டைக் கவனிக்காவிட்டால் இவர் எழுந்துபோய் அதன் பக்கத்தில் நின்றுகொள்வார். "அங்கல்லாம்" என்றுதான் எந்தப் பேச்சும் ஆரம்பிக்கும். அங்கெல்லாம் ரயில் நேரத்துக்கு வரும். அங்கெல்லாம் தெருவில் யாரும் துப்ப மாட்டார்கள். அங்கெல்லாம் பெண்டாட்டி புருஷன் கேட்டதைச் செய்து கொடுப்பாள். பால்காரர்கூட எங்கள் வீட்டில் பாலை ஊற்றிவிட்டு நிற்காமல் போய்விடுவார்.

அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பண்டம் செய்வாளாம். மாவுக்குள் முழுப் பழத்தை வைத்து உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றிச் சர்க்கரை தூவிக் கொடுப்பாளாம். பேர் க்னெட்லீக்கி. அந்தப் பேரைச் சொல்லும்போது இவர் முகத்தில் வருகிற பக்தியைத் திருவந்திபுரத்தில் பெருமாளுக்கு நேராக நிற்கும்போதுகூட நான் பார்த்ததில்லை. "பூரணக் கொழுக்கட்டை மாதிரியா?" என்று ஒரு தடவை கேட்டேன். அதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. இன்னும் இரண்டு தடவை கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த உருண்டையை நான் செய்தாக வேண்டும் என்று ஆரம்பித்தார். வீட்டில் ஒரு தோசையைக்கூடத் திருப்பிப் போட்டு அறியாதவர், சமையல் உள் நிலைப்படியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். அந்த அம்மா செய்வதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாராம். பார்த்ததில் பாதி மறந்துவிட்டது. மறந்த பாதிக்கு என்னைத் திட்டினார்.

"மொதல்ல பாலத் திரிய வெக்கணும்" என்றார்.

என் மாமியார் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அரிசியே வரிசையில் நின்று வாங்கியது. "நல்ல பால வேணும்னே திரிய வெக்கிறதா? வெள்ளிக்கெழம அதுவுமா?" என்றார்.

"அங்கல்லாம் அப்பிடித்தாம்மா" என்றார் இவர். மாமியார் அடங்கிவிட்டார். மகன் கப்பல் ஏறிப் போய்விட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு மகனிடம் ஒரு பயம். ஆனால் அடுத்ததாக "மாவுல முட்ட ஒண்ணு ஒடச்சி ஊத்தணும்" என்று சொன்னபோது ஒரு பார்வை பார்த்தார். இவர் முட்டையை அப்படியே விழுங்கிவிட்டு மேலே போனார்.

திரிந்த பாலைத் துணியில் கட்டிப் பிழிந்து, மைதாவும் கொஞ்சம் ரவையும் சேர்த்துப் பிசைந்தேன். மாவு பிடிபட்டுவிட்டது. பழம்தான் பிடிபடவில்லை. அவர் சொன்ன பழம் இந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது. வாழைப்பழத்தை வைத்தேன், வெந்ததும் உள்ளே கூழாகிவிட்டது. கொய்யாவை வைத்தேன், மாவு வெந்தது, கொய்யா வேகவில்லை. மாம்பழத்துண்டு உருண்டையைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, பாத்திரத்துத் தண்ணீர் முழுக்க ரசம் மாதிரி ஆகிவிட்டது. பண்ருட்டியிலிருந்து வந்த பலாச்சுளையை வைத்த அன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசனை பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் கடிப்பார். கண்ணைத் திறப்பார். "இல்ல" என்பார். அந்த "இல்ல"வைக் கேட்டுக் கேட்டுக் கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும்.

கடைசியில் நாவல் பழம் வந்தது. ஆனி மாதம், கூடையில் தெருவோடு கொண்டுவந்து விற்பார்கள். நல்ல பெரிய பழமாகப் பொறுக்கி, சர்க்கரைப் பாகில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் துவர்ப்பு அடங்கிவிடும் என்று நானாகக் கண்டுபிடித்தேன். மேலே நெய்யை ஊற்றி, கசகசாவை வறுத்துச் சர்க்கரையோடு பொடித்துத் தூவினேன். கசகசா அங்கேயும் போடுவார்களாம். இவர் கடித்தார். கண்ணைத் திறக்க நேரமாயிற்று. திறந்தபோது கண்ணில் தண்ணீர். எனக்காக ஒரு நாளும் வராத தண்ணீர் அது.

"கொட்டய எடுத்துட்டா வெக்கறது?" என்று கேட்டேன்.

"எடுக்கவே கூடாது. அங்கல்லாம் கொட்டயத் தட்டு ஓரமா வெச்சி எண்ணுவாங்க. யாரு ஜாஸ்தி சாப்ட்டாங்கன்னு பெரியவுங்களே போட்டி போடுவாங்க."

அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ முடிந்தது தொல்லை என்றுதான் இருந்தேன். அதற்குள் என் நாத்தனாரைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது.

நாத்தனார் இவருக்கு ஒரே தங்கை. பள்ளிக்கூடப் படிப்பை முடித்து, டைப்ரைட்டிங்கும் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வயது இருபத்திரண்டு தாண்டிவிட்டது. அவளைப் பார்க்க எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். எல்லோரும் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், "ஊருக்குப் போயி எழுதறோம்" என்றார்கள். திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு கூட்டம் வாழைக்காய் பஜ்ஜியை இன்னொரு ஈடு போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனது. எழுதத்தான் அவர்களுக்கு இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து மட்டும் தரகர் வழியாகச் செய்தி வந்தது: பெண் கொஞ்சம் நிறம் மட்டு என்று. அந்தப் பையனை நான் பார்த்தேன். அவனை இருட்டில் நிறுத்தினால் சட்டைதான் தெரியும். ஒவ்வொரு தடவையும் மாமியார் அவளுக்குக் கடலை மாவும் மஞ்சளும் பூசிக் குளிக்க வைப்பார். ஒவ்வொரு தடவையும் அவள் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

சிதம்பரத்துப் பையன் ஒரு வங்கியில் குமாஸ்தா. போட்டோவில் பார்க்க நன்றாகவே இருந்தான். அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் நாத்தனாருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னி முடிக்கும் நேரத்தில் அவள் சொன்னாள்.

"அண்ணி, இதோட முடிஞ்சிட்டாப் போதும். எவனா இருந்தாலும் சரி. இன்னொரு தடவ தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க என்னால ஆவாது."

கல்யாணம் என்றால் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பார்க்க வருகிற கூத்து நிற்க வேண்டும் என்றால் கல்யாணம் ஆனால்தான் நிற்கும். முடியும், முடியும் என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்வது.

அதே நேரத்தில் முன்கூடத்தில் என் கணவர் தன் முடிவை அறிவித்தார். கேசரி வேண்டாம், பஜ்ஜி வேண்டாம், வருகிறவர்களுக்கு க்னெட்லீக்கி.

"கேசரி பஜ்ஜி நாட்ல எல்லாரும் குடுக்கறதுதான். நம்ம வீட்டுக்குன்னு ஒரு ஸ்டாண்டர்ட் வேணாமா? மாப்பள வீட்டுக்காரங்க காலத்துக்கும் மறக்க மாட்டாங்க."

அது ஒன்றுதான் அவர் சொன்னதில் பலித்தது. நான் எவ்வளவோ சொன்னேன். புதுப் பண்டம், அவர்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்றேன். கோட்டைத் தூசி தட்டிக்கொண்டே கேட்டார். மாமியார், "அவன் நாலு தேசம் பாத்தவன். அவன் சொன்னா சரியா இருக்கும்" என்றார். போனது ஒரு தேசம்தான். அதை எடுத்துச் சொல்ல அது நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்திருக்க வேண்டியவர்கள். பாசஞ்சர் ரயில் எங்கேயோ நின்று நின்று, அவர்கள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கி ஜட்கா பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். பையன், பையனின் அம்மா, அந்த அம்மாவின் அண்ணன் என்று மூன்று பேர். பையனுக்கு அப்பா இல்லை. அதனால் தாய்மாமன்தான் பெரியவர். சம்பிரதாயத்தில் ஊறிப்போன மனிதர் அவர். வாசலில் வலது காலை எடுத்து வைத்தாரா என்று குனிந்து பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார். உட்காருவதற்கு முன்னால் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். மூன்று பேர் முகத்திலும் பசி. ரயில் நேரத்துக்கு வரும் என்று நம்பி, காலையில் வெறும் காபியோடு கிளம்பியிருக்கிறார்கள்.

நாத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். பையனின் அம்மா அவளை ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வரச் சொன்னார். "வெளிச்சத்துல பாக்கணும்ல" என்றார். அவள் போய்விட்டு வந்தாள். துணிக்கடையில் புடவையை வெயிலில் காட்டிப் பார்ப்பதற்காவது நூல் ஓட்டம் தெரிய வேண்டும் என்று ஒரு காரணம் உண்டு.

"நீதான் செஞ்சியாம்மா?" என்று அந்த அம்மா உருண்டைகளைக் காட்டிக் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள். அதுவும் வழக்கம்தான். பெண் பார்க்க வருகிற அன்று அடுப்பில் நின்று வேகிறவள் அம்மாவோ அண்ணியோ. பேர் மட்டும் பெண்ணுக்கு. அதைப் பொய் என்று யாரும் நினைப்பதும் இல்லை. அவர்களுடைய வீட்டுப் பெண்ணுக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நாத்தனார் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து, அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

இவர் அங்கிருந்து இரண்டு முள்கரண்டி கொண்டுவந்திருந்தார். வந்தவர்கள் மூன்று பேர். யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்று தெரியாமல் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்குள் அவர்கள் கையாலேயே எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள். நான் பயந்தது வீண். பசியில் வந்தவர்களுக்கு நெய் வாசனை போதுமானதாக இருந்தது. தாய்மாமன் கொட்டையைக் கடித்துவிட்டு ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு துப்பிவிட்டு அடுத்ததை எடுத்தார். பையனின் அம்மா முதலில் ஒன்றே ஒன்று போதும் என்றார். அதன் பிறகு நான் மூன்று தடவை உள்ளே போய்த் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் சாப்பிட்டான். உதடும் பல்லும் ஊதா நிறமாகிவிட்டன. தட்டுகளின் ஓரத்தில் நாவல் கொட்டைகள் குவிந்தன. என் கணவர் ஒவ்வொரு தட்டையும் எட்டிப் பார்த்து மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அவர் உதடு அசைவதிலேயே தெரிந்தது.

கையெல்லாம் நெய்யும் சாயமும். செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முற்றத்தில் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தாய்மாமன் ஒரு பெரிய ஏப்பம் விட்டார். வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டே நல்ல மனதோடு ஒரு வார்த்தை சொன்னார்.

"வயிறு நெறஞ்சி போச்சி தம்பி. மத்தியானச் சாப்பாடே வேணாம் போல இருக்குது."

இவர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேணாமே மாமா. இதான் சாப்பாடு. அங்கல்லாம் ஞாயித்துக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேச போட்டு, குடும்பமே உக்காந்து இதத்தான் சாப்புடுவாங்க. இதுக்கப்புறம் ராத்திரிக்குத்தான் அடுப்பு. இத டிபன்னு நெனச்சிடாதீங்க. முழுச் சாப்பாடு."

தாய்மாமன் கையில் வெற்றிலை அப்படியே நின்றது.

"சாப்பாடா?" என்றார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, நாம கை நனச்சிட்டமே."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிக்காமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி சாப்பிடலாம், பலகாரம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்; சாப்பாடு மட்டும் சாப்பிடக் கூடாது. உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டால் உறவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்வதற்குப் பதிலாக, "சரி, சாப்பாடு போடுங்க" என்று சொல்லி முடித்த கல்யாணங்கள் எத்தனையோ உண்டு. என் கணவருக்கும் இது தெரியாததில்லை. அவருக்கு அந்த நேரத்தில் கடலூர் மறந்துவிட்டது.

பையனின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அதெப்பிடிண்ணே? மூணு மணிக்கு நெல்லிக்குப்பத்துல அந்தப் பொண்ணப் பாக்க வர்றம்னு சொல்லியிருக்கு" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கதவுக்குப் பின்னால் நாத்தனார் அசையாமல் நின்றாள். என் மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நெல்லிக்குப்பம் ஏதும்மா இனிமே?" என்றார் தாய்மாமன். "ஒரு வீட்ல கை நனச்சிட்டு இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது. நம்ம வம்சத்துல அந்தப் பழக்கம் கெடையாது."

"எல போடல, சோறு வெக்கல, உப்பு வெக்கல. இது எப்பிடிண்ணே சாப்பாடாவும்?"

"கை கழுவனமா இல்லியா? பஜ்ஜி தின்னா கை கழுவுவமா? துண்டுல தொடச்சிக்குவோம். வயிறு நெறஞ்சிதுன்னு நானே என் வாயால சொல்லிட்டேன்."

"இனிப்புண்ணே. இனிப்பச் சாப்பாடுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

இந்த இடத்தில் என் கணவர் உள்ளே நுழைந்தார். நுழையாமல் இருந்திருந்தால் அவர் என் கணவரே இல்லை. தங்கைக்கு ஒரு வழி திறந்திருக்கிறதே, அதற்காகப் பேசுகிறார் என்று நான்கூட ஒரு வினாடி நினைத்தேன். அவர் பேசியது உருண்டைக்காக. அதில் என்ன இல்லை, மாவு இருக்கிறது, பால் இருக்கிறது, பழம் இருக்கிறது, நெய் இருக்கிறது என்று விரல் மடக்கினார். அந்த ஊரில் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன்கூட இதைத் தின்றுவிட்டுத்தான் உள்ளே இறங்குகிறான் என்றார். பிறகு பையனின் அம்மாவுடைய தட்டைக் காட்டினார்.

"கொட்டய எண்ணிப் பாருங்க மாமா. யாராச்சும் டிபன் இவ்ளோ சாப்புடுவாங்களா?"

அந்த அம்மா தட்டைக் காலால் தள்ளிவிட்டார். "தெரியாமத் தின்னுட்டதுக்கெல்லாம் பொண்ணு எடுக்க முடியுமாண்ணே?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

தாய்மாமன் சங்கடத்தோடு பையனைப் பார்த்தார். "நீ என்னாப்பா சொல்ற? கட்டிக்கப் போறவன் நீ."

பையன் ஊதா உதட்டைத் துடைத்துக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான். "அம்மா எப்பிடிச் சொல்றாங்களோ" என்றான்.

முற்றத்தில் செம்பைக் காக்கை தட்டிவிட்டது. கடைசியில் தாய்மாமனே ஒரு தீர்ப்புக்கு வழி கண்டுபிடித்தார். கெட்டவர் இல்லை அவர். நியாயம் எங்கேயாவது கிடைத்தால் அதன்படி நடக்கக்கூடிய மனிதர்.

"பொண்ணுதான செஞ்சிதுன்னீங்க. செஞ்சவுங்களுக்குத்தான் தெரியும், டிபனா செஞ்சாங்களா, சாப்பாடா செஞ்சாங்களான்னு. அதக் கூப்புடுங்க. அது சொல்றதுக்கு நான் கட்டுப்பட்டவன். என் தங்கச்சியும் கட்டுப்பட்டவ."

ஒரே ஒரு வார்த்தை. சாப்பாடு என்று சொல்லிவிட்டால் நெல்லிக்குப்பம் ஒழிந்தது, தட்டு ஒழிந்தது, கடலை மாவு ஒழிந்தது. அந்த மனிதர் வாக்கு மாறக்கூடியவராகத் தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். அவள் வெளியே போனாள். மாமியார் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். இவர் பரீட்சையில் விடையை எடுத்துக் கொடுக்கிற வாத்தியார் மாதிரி வாயை மட்டும் அசைத்தார்.

"சொல்லும்மா. பயப்படாமச் சொல்லு. நீ எங்களுக்கு வெச்சது என்னா?"

நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தாள். அன்றைக்கு அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிபன்தாங்க" என்றாள். "சாப்பாட்டுக்கு இனிமேதான் ஒல வெக்கணும்."

தாய்மாமன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்தது என்று நினைக்கிறேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பையனின் அம்மா இருந்த இடத்திலிருந்து எழுந்த வேகத்தில் கால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார். வாசலில் ஜட்காவில் ஏறும்போது மறக்காமல் "போயி எழுதறோம்" என்றார். கசகசா வேலை செய்ய ஆரம்பித்துப் பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே வண்டியில் ஏறினான்.

மாமியார் முன்கூடத்திலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "வாயி வரைக்கும் வந்தத துப்பிட்டியேடி பாவி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் கணவருக்கும் துக்கம்தான். அவர் கோட்டுக்கு அடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"டிபனாம். எவ்ளோ சொன்னேன். டிபன்னு சொல்லிட்டாளே. அந்த அம்மா கேட்டா என்னா நெனைப்பாங்க" என்றார். அந்த அம்மா என்றால் சிதம்பரத்து அம்மா இல்லை. கடலுக்கு அப்பால் ஞாயிற்றுக்கிழமை உருண்டை உருட்டிக்கொண்டிருக்கிற அம்மா. தங்கையின் கல்யாணம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நாத்தனாருக்குப் பிற்பாடு புவனகிரியில் கல்யாணம் ஆகிப் பிள்ளைகளும் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் அந்த ஒரு சொல்லுக்காக அவளை மன்னிக்கவே இல்லை. அன்றைக்கும் அரை மணி நேரம் கழித்து, சோறு ஆகிவிட்டதா, பசிக்கிறது என்று குரல் கொடுத்தார். முழுச் சாப்பாடு என்று அடித்துப் பேசிய வாய் அது.

நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் பட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியைக் களைய ஆரம்பித்தாள். எனக்கு அவள்மேல் கோபம். நேற்று அப்படிச் சொன்னவள்தானே.

"ஏன்டி இப்பிடிப் பண்ணின? ஒரு வார்த்த. சாப்பாடுன்னு ஒரு வார்த்த. அந்த மனுசன் முடிச்சிக் குடுத்திருப்பாரு."

அவள் அரிசித் தண்ணீரை வடித்துக் கீழே ஊற்றினாள். அழவில்லை. அழுதுவிட்டு வந்தவளாகவும் தெரியவில்லை.

"தெரியாமத் தின்னுட்டோம்னு அந்தம்மா சொல்றாங்க. அந்தாளு வாயத் தொறக்கல. காலம் பூரா அந்த வீட்ல, தெரியாமத் தின்னுட்ட பண்டமா நான் இருக்கணுமா அண்ணி? வேணாம்னா எழுந்து போவட்டும். வேணும்னு ஒருத்தன் வாயால சொல்லட்டும். சொல்ற வரைக்கும் தட்டத் தூக்கறேன், பரவால்ல."

அவள் களைந்த அரிசியை என்னிடம் நீட்டினாள். வாங்கி உலையில் போட்டேன். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நானும் கதவுக்குப் பின்னால் நின்றவள்தான். இவருடைய பெரியப்பா இவரைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அம்மா எப்படிச் சொல்கிறார்களோ என்று இவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. தங்கமான பிள்ளை என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.